புகை படிந்த விட்டங்கள்

உழவர் வீடுகளின் கதை – 9

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பழைய பண்ணை வீட்டின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வாசலில் நின்று பார்த்துப் பயனில்லை. முகப்பு பெரும்பாலும் பொய் சொல்லும். 18-ஆம் நூற்றாண்டில் எவனோ ஒரு வாரிசு நாகரிகம் கருதி முன்பக்கம் செங்கல் சுவர் எழுப்பியிருப்பான். அவனுக்குப் பின்னால் வந்தவன் மாடிச் சுவர் முழுக்க ஓடுகளை வரிசையாக ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பான். அதனால் வீட்டாய்வாளர்கள் டார்ச் விளக்கோடு நேரே பரணுக்கு ஏறிவிடுவார்கள். மாடிப் படுக்கையறைகளின் உட்கூரைக்கு மேலே, எலியும் சிலந்தியும் தவிர யாரும் புழங்காத அந்த இருட்டில், சில வீடுகளில் கைமரங்கள் கன்னங்கரேலென்று இருக்கும். எரிந்து கரிந்த கறுப்பு அல்ல, படிந்து இறுகிய கறுப்பு. விட்டம், கைமரம், ஓடு தாங்கும் பழைய வரிச்சு எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் பூசினாற்போல் இருக்கும்.

அந்தக் கறுப்பு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். பல வீடுகளில் நடுப்பகுதிக் கூரை மட்டும் கறுத்திருக்கும். இரு ஓரங்களிலும் மரம் தன் பழுப்பு நிறத்திலேயே இருக்கும். பார்த்த உடனே வீட்டின் பழைய அமைப்பு பிடிபட்டுவிடும். நடுவில் ஒரு காலத்தில் மாடியே இல்லை. தரையிலிருந்து கூரை முகடுவரை திறந்து கிடந்த ஒரே கூடம். அதன் தரையில் நெருப்பு எரிந்தது. புகைபோக்கி கிடையாது. தலைமுறை தலைமுறையாக எழுந்த புகை இந்தக் கைமரங்களைத் தடவித்தான் வெளியேறியது. ஓரங்களில் இருந்தவை தடுப்புச் சுவர் வைத்த அறைகள். அங்கே புகை புகவில்லை. ஓர் உழவன் எழுதி வைக்காத செய்தியை அவன் அடுப்பு எழுதி வைத்திருக்கிறது.

1348-இல் இங்கிலாந்தில் இறங்கிய கொள்ளைநோய் இரண்டே ஆண்டுகளில் மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கொண்டுபோனதைச் சென்ற இதழில் பார்த்தோம். செத்தவர்களின் கதை அது. பிழைத்தவர்களின் கதை வேறு. நிலம் அப்படியே கிடந்தது, உழ ஆளில்லை. கூலி ஏறியது. ஏறிய கூலியைப் பழைய அளவுக்கே இறக்க வேண்டும் என்று 1351-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சட்டத்துக்குக் கூலி முழுசாகக் கட்டுப்படவில்லை. 1381-இல் வாட் டைலர் தலைமையில் கென்ட் உழவர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். கலகம் நசுக்கப்பட்டது, டைலர் கொல்லப்பட்டார். பள்ளிப் பாடம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அடுத்த 100 ஆண்டுகளில் அதே கென்டில், அதே வகுப்பைச் சேர்ந்த உழவர்கள் கட்டிய வீடுகள் இன்றும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கலகத்தில் தோற்றவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் எப்படிப்பட்ட கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று போய்ப் பார்க்கலாம். ஐரோப்பாவில் சாதாரண உழவர் வீடுகள் இத்தனை பழமையோடு இவ்வளவு நெருக்கமாக மிஞ்சிய இடங்கள் குறைவு.

ஏன் கென்ட்? காரணம் ஒன்றல்ல. அங்கே பண்ணையடிமை முறை வேர் பிடிக்கவில்லை; கென்டில் பிறந்தவன் அடிமையல்லன் என்பது அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வழக்காறு. அப்பன் நிலம் மூத்தவனுக்கு மட்டும் போகாமல் மகன்கள் எல்லாருக்கும் சமமாகப் பிரிந்தது. பிரிந்த நிலத்தை விற்கலாம், வாங்கலாம், கெட்டிக்காரன் சேர்த்துக்கொள்ளலாம். லண்டன் சந்தை பக்கத்தில். கிரான்புரூக், டென்டர்டன் வட்டாரங்களில் கம்பளி நெசவு பணம் கொழித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மரம். வடக்கிலும் தெற்கிலும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்க, இடையே கிடக்கும் களிமண் காட்டுப் பரப்புக்கு வீல்ட் என்று பெயர். கட்டடக் கல் எளிதில் கிடைக்காது; ஓக் மரம் எங்கும் கிடைக்கும்.

இந்த வீல்டில், சிடிங்ஸ்டோன் ஊர் எல்லையில் இருந்தது பேலீஃப் என்ற பண்ணை வீடு. இந்த இதழின் நாயகன் அதுதான். மரவளையக் கணக்குப்படி அதன் பழைய பகுதியான கூடமும் ஒரு பக்கத்து அறைகளும் 1405-க்கும் 1430-க்கும் இடையில் எழுந்தவை. மறு பக்கத்து அறைகள் 1505–1510 வாக்கில் சேர்க்கப்பட்டவை. அதாவது டைலர் இறந்து 50 ஆண்டுகளுக்குள் பழைய பகுதிக்கான மரம் வெட்டப்பட்டுவிட்டது.

மரவளையத்தை வைத்து வீட்டுக்கு வயது சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், அன்றைய தச்சர்கள் மரத்தைக் காய வைக்கவில்லை என்பதுதான். மரம் வெட்டினால் ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, பிறகுதான் உளி வைக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். மேசை நாற்காலிக்கு அது சரி. ஓக் மரம் உலர்ந்தால் இரும்பாகிவிடும், உளி பட்டுத் தெறிக்கும். வெட்டிய சூட்டோடு, சாறு வடியும் நிலையில், கோடாலிக்கு இணங்கும். ஆகவே குளிர்காலத்தில் வெட்டி, ஓரிரு ஆண்டுகளுக்குள் வீட்டில் ஏற்றிவிடுவார்கள். மரம் விழுந்த ஆண்டு தெரிந்தால் வீடு எழுந்த ஆண்டும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். மழை மிகுந்த ஆண்டில் அகலமாகவும் வறண்ட ஆண்டில் ஒடுங்கியும் விழும் வளையங்களை எண்ணி, ஏற்கெனவே வயது தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒட்டிப் பார்ப்பதுதான் முறை. பட்டைக்கு அடுத்த வெளிறு முழுதாக மிஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். செதுக்கியபோது வெளிறின் ஒரு பகுதி போய்விட்டிருந்தால், பேலீஃபுக்குச் சொல்வதுபோல, இந்த ஆண்டு முதல் அந்த ஆண்டுக்குள் என்றுதான் சொல்ல முடியும்.

ஈரத்தோடு ஏற்றிய மரம் வீட்டுக்குள்ளேயே உலர்ந்தது. உலரும்போது குறுக்கே சுருங்கும், முறுக்கும், வளையும். பழைய ஆங்கிலப் பண்ணை வீடுகளில் ஒரு கதவும் நேராக மூடாது, ஒரு தளமும் மட்டமாக இராது என்று வேடிக்கை பேசுவார்கள். கட்டியவனின் கைத்தவறு அல்ல அது. இப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே, மரம் நெளிந்தாலும் பிடி விடாத இணைப்புகளைச் செய்தான்.

அந்த இணைப்புகளுக்கு வருமுன் ஒரு கட்டுக்கதையைக் கடந்துவிடுவோம். இங்கிலாந்தில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும், “இந்த விட்டம் பழைய கப்பலிலிருந்து எடுத்தது” என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். கடற்கரையிலிருந்து எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் ஊரிலும் சொல்வார். விட்டத்தில் காலியான துளைகள் இருப்பதுதான் ஆதாரம். அந்தத் துளைகள் கப்பலில் விழுந்தவை அல்ல. அதே வீட்டில் பிற்காலத்தில் பிடுங்கிப் போட்ட தடுப்புகளும் சட்டங்களும் விட்டுச் சென்றவை. காடுகளின் வரலாற்றைத் துருவி எழுதிய கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ராக்கம் இந்தக் கதையைப் பலமுறை உடைத்துப் போட்டார், அது சாகவில்லை. இதைவிடப் பயனுள்ள ஒரு வேலையையும் அவர் செய்தார். சஃபக் பகுதியில் ஸ்டான்டன் என்ற ஊரிலுள்ள கிரன்டில் ஹவுஸ் என்ற பண்ணை வீட்டின் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எத்தனை மரம் வெட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். ஏறக்குறைய 330 வந்தது. பெரிய எண்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒல்லி மரங்கள். இரு கையாலும் சுற்றிப் பிடித்துவிடலாம். ராட்சத மரங்களை அறுத்துத் துண்டு போட்டதல்ல இந்த வீடு. தூணுக்கு ஏற்ற பருமனில் ஒரு மரம், கைமரத்துக்கு ஏற்ற பருமனில் ஒரு மரம் என்று தேர்ந்தெடுத்து, நான்கு பக்கமும் கோடாலியால் செதுக்கி, ஒரு மரத்தை ஒரு சட்டமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். வளைந்து வளர்ந்த கிளையைக் கூட விடவில்லை. தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே சாய்வாகத் தாங்கும் வளைகைகளுக்கு அதுதான் வேண்டும்.

இப்போது ஒரு தூணின் தலையை நெருங்கிப் பார்ப்போம். பேலீஃப் போன்ற வீட்டில் முக்கியத் தூண்கள் தலைகீழாக நிற்கின்றன. மரம் காட்டில் நின்றபோது வேர்ப்பக்கமாக இருந்த பருத்த முனை, வீட்டில் மேலே இருக்கும். அந்தப் பருமன் அங்கேதான் தேவை. ஏனென்றால் தூணின் உச்சியில் மூன்று மரங்கள் கூடுகின்றன. சுவரின் நீளவாக்கில் ஓடும் உத்திரம் ஒன்று. வீட்டின் குறுக்கே எதிர்ச்சுவர்வரை போகும் விட்டம் இன்னொன்று. இரண்டையும் தாங்கும் தூண் மூன்றாவது. தூணின் தலையில் இரண்டு கழுந்துகள் செதுக்குவார்கள். தாழ்ந்திருப்பது உத்திரத்தின் அடித்துளைக்குள் போகும், உயர்ந்திருப்பது விட்டத்தின் அடித்துளைக்குள் போகும். அதோடு நிற்காது. விட்டத்தின் அடிப்பக்கம், உத்திரத்தின் மேல் உட்காரும் இடத்தில், புறாவின் வால்போல் விரிந்த வடிவில் வெட்டப்பட்டு, அதே வடிவில் உத்திரத்தில் தோண்டிய பள்ளத்தில் இறங்கும். கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். வால் விரிந்திருப்பதால் உத்திரம் நழுவ முடியாது. இந்த மூன்று மர முடிச்சு தென்கிழக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய 500 ஆண்டுகள் மாறாமல் இருந்தது. மாற வேண்டிய தேவை ஏற்படவில்லை.

பிடிமானம் மர ஆணி. இரும்பை இங்கே சேர்க்கமாட்டார்கள். ஓக் மரத்தின் புளிப்புச் சாறு இரும்பை அரித்துவிடும். உலர்ந்த ஓக் கட்டையைப் பிளந்து, ஒரு முனை கூராகச் சீவிய ஆணிகள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. துளையுள்ள மரத்தில் போட்ட ஓட்டையும் கழுந்தில் போட்ட ஓட்டையும் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. கழுந்தின் ஓட்டையைச் சிறிது உள்தள்ளிப் போடுவார்கள். கூரான ஆணியைச் சம்மட்டியால் இறக்கும்போது அது வளைந்து நெளிந்து இரண்டு ஓட்டைகளையும் ஒரே கோட்டுக்கு இழுக்கும். கழுந்து துளைக்குள் இறுகிப் போகும். ஆணி உலர்ந்தது, மரம் ஈரமானது. மரம் உலர உலர ஆணியை இன்னும் கவ்விப் பிடிக்கும். பசை இல்லை, இரும்பு இல்லை, 600 ஆண்டு நிற்கிறது.

இந்த வேலையெல்லாம் வீடு எழும் இடத்தில் நின்றபடி நடந்ததல்ல. தச்சர் தம் களத்தில் ஒவ்வொரு சுவரையும் தரையில் படுக்க வைத்துச் சேர்த்துப் பார்ப்பார். இரண்டு மரமும் ஒரே மாதிரி வளைந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு கழுந்தும் தன் துளைக்கு மட்டுமே பொருந்தும்படி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் கோடு கிழித்துச் செதுக்கப்பட்டது. இடம் மாறினால் சேராது. அதனால் பிரிக்கும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் இரு மரத்திலும் ஒரே எண்ணை உளியால் கொத்திவிடுவார். ரோமானிய எண்கள்; நேர்க்கோடுகளால் ஆனவை, உளிக்கு எளிது. நான்கு என்றால் நான்கு கோடு. படித்தவர் எழுதுவதுபோல் ஐந்தில் ஒன்று குறைத்து எழுதுவதில்லை. மரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழப்பம் வரும் என்பது அவர் கவலை. இடப்பக்கச் சுவரையும் வலப்பக்கச் சுவரையும் பிரித்துக் காட்ட, ஒரு பக்கத்து எண்களுக்குச் சிறு வால் சேர்ப்பதும் உண்டு. பிறகு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றி, வீட்டு மனைக்குக் கொண்டுபோய், ஊராரைக் கூட்டிக் கயிறும் கழியும் வைத்துத் தூக்கி நிறுத்துவார்கள். மாதக்கணக்கில் செதுக்கியது சில நாட்களில் எழுந்து நிற்கும்.

சட்டம் எழுந்த பிறகு சுவர். சுவருக்குப் பாரம் தாங்கும் வேலை இல்லை, பாரமெல்லாம் சட்டத்துக்கு. தூண்களுக்கு இடைப்பட்ட கட்டங்களில் ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் வரிச்சுகளைக் குறுக்கே பின்னி, களிமண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இன்றைய சுற்றுலாப் படங்களில் வரும் கறுப்பு மரமும் வெள்ளைச் சுவரும் தென்கிழக்குப் பண்ணை வீடுகளின் பழைய கோலம் அல்ல. அங்கே மரத்துக்குக் கறுப்பு அடிப்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு ரசனை. ஓக் தன்பாட்டில் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பலாக வெளிறும். சில வீடுகளில் மரம், மண் என்று பாராமல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பை அடித்துவிடுவார்கள்.

பேலீஃபுக்கும் உரியதான, வீல்டன் வீடு என்று ஆய்வாளர் பெயரிட்ட வடிவத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். நடுவில் கூடம், இரு பக்கமும் இரண்டடுக்கு அறைகள். அந்த மாடி அறைகள் முன்பக்கம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுக் கூடத்துக்கு மாடி இல்லாததால் அது உள்வாங்கினாற்போல் தெரியும். ஆனால் கூரை ஒன்றே. அதன் விளிம்பு இரு நீட்டல்களையும் நேர்கோட்டில் தொட்டுக்கொண்டு ஓட, நடுவில் உள்வாங்கிய இடத்தின் மேல் அந்தரத்தில் நிற்கும் உத்திரத்தை இருபுறமும் வளைகைகள் தாங்கும். மாடியை ஏன் வெளியே நீட்டினார்கள்? நகரத்தில் இடம் போதாமல் தெருமேல் நீட்டினார்கள், சரி. நாலாபுறமும் சொந்த வயல் கிடக்கும் பண்ணையில் இடப் பஞ்சம் ஏது? தளச் சட்டங்கள் நடுவில் தொய்யாதிருக்க ஓரத்தில் எதிர்ப்பாரம் கிடைக்கிறது என்றொரு விளக்கம் உண்டு. எனக்கென்னவோ பக்கத்துப் பண்ணைக்காரன் பார்க்கட்டும் என்பதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. நீட்டலுக்குக் கூடுதல் மரம் வேண்டும், கூடுதல் கைவேலை வேண்டும். இரண்டும் என்னிடம் இருக்கிறது என்று முகப்பே சொல்லிவிடும்.

உள்ளே போனால் வீட்டின் படிநிலை தெளிவாகத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் குறுக்கே ஓடும் நடை. நடைக்கு ஒரு பக்கம் இரண்டு சிறு கதவுகள்: ஒன்று பீர் பீப்பாய்கள் வைக்கும் அறை, மற்றது ரொட்டியும் உணவுப் பொருளும் வைக்கும் அறை. மறுபக்கம் கூடம். நடைப்பக்கம் கூடத்தின் கீழ்ப்பக்கம், வேலையாட்கள் புழங்குவது. எதிர்ச்சுவரை ஒட்டியது மேற்பக்கம்; அங்கே நீண்ட மேசை, சுவரோடு பொருத்திய பலகை இருக்கை, அதில் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் உள்ள கதவு குடும்பத்தின் தனியறைக்குப் போகும். அதற்கு மேலே படுக்கையறை. பிரபுக்களின் மாளிகையில் இருந்த அதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறியது. பிரபுவின் கூடத்தைப் பார்த்து உழவன் தன் கூடத்தைக் கட்டிக்கொண்டான். தன் மேசையின் தலைமாட்டில் தானே உட்கார்ந்தான்.

கூடத்தின் ஜன்னல் உயரமானது, ஆனால் கண்ணாடி கிடையாது. நான்கு மூலைச் சட்டங்களை மூலைப்பக்கம் முன்னோக்கும்படி திருப்பி, வரிசையாக நட்டிருப்பார்கள். குளிரோ மழையோ வந்தால் பலகைக் கதவை இழுத்து மூட வேண்டியதுதான், மூடினால் இருட்டு. தரையில் நெருப்பு. புகை மேலே ஏறி, கூரையின் உயரத்தில் ஒரு மேகம்போல் தங்கி, முகட்டு ஓரத்தின் இடைவெளிகள் வழியாக மெல்லக் கசியும். உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வளவு தொல்லையில்லை, நின்றால் கண் எரியும். கூடம் ஏன் அவ்வளவு உயரம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த உயரத்தை வீணாக்கவும் இல்லை. கூடத்தின் நடுவே போகும் பெரிய விட்டத்தின் மேல் ஒரு குறுந்தூண் நின்று, நான்கு பக்கமும் கை விரித்து, கூரையின் நீளவாக்குச் சட்டத்தைத் தாங்கும். கிரௌன் போஸ்ட் என்று அதற்குப் பெயர். அடியும் தலையும் கடைந்ததுபோல் செதுக்கிய அழகான வேலைப்பாடு பல வீடுகளில் உண்டு. புகை மண்டும் இடத்தில் யார் பார்ப்பார் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

புகையில் உட்கார்ந்திருந்தவர்கள் புகையைக் குறையாக நினைத்தார்களா? எசெக்ஸில் ராட்வின்டர் ஊர்ப் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577-இல் வெளிவந்த தம் இங்கிலாந்து வர்ணனையில், ஊரின் கிழவர்கள் தங்கள் காலத்தில் தலைகீழாக மாறிப்போனதாகச் சொல்லும் மூன்று விஷயங்களைப் பதிவு செய்கிறார். வைக்கோல் பாய் போய் நல்ல படுக்கை வந்தது. மரத்தட்டு போய் ஈயத்தட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கு பார்த்தாலும் புகைபோக்கி எழுந்தது. ஹாரிசனுக்கு இதில் முழு மகிழ்ச்சியில்லை. புகை விட்டத்தை இறுக்கியது, வீட்டுக்காரனுக்கும் அதுவே மருந்தாயிருந்தது, புகைபோக்கி வந்த பிறகுதான் சளியும் தலைவலியும் என்பது அவர் கட்சி. மருத்துவம் தவறு, ஆனால் ஒரு பெரிய மாற்றத்தை நேரில் கண்டவர்களின் வாக்குமூலம் என்ற முறையில் இதற்கு ஈடில்லை.

செங்கல் புகைபோக்கி வந்ததும் திறந்த கூடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. புகை போக உயரம் தேவையில்லை. எனவே நடுவில் தளம் போட்டு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். கிரௌன் போஸ்ட் பரணுக்குள் மறைந்தது. 1953-இல் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர், 1570-லிருந்து 1640-க்குள் கிராமப்புற இங்கிலாந்து முழுவதுமே இப்படி மறுகட்டமைப்புக்கு உள்ளானது என்று எழுதி, வீடுகளை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் ஒரு துறைக்கே உரம் போட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஆண்டுகளை அப்படியே ஏற்கவில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் காலம் முன்பின்னாக இருந்ததைக் காட்டினார்கள். கென்டைப் பொறுத்தமட்டில் சாரா பியர்சன் 1994-இல் வெளியிட்ட இடைக்கால வீடுகளின் ஆய்வுதான் இன்றும் கையேடு.

பேலீஃபிலும் இதெல்லாம் நடந்தது. புகைபோக்கி வந்தது, தளம் வந்தது, கூடம் அறைகளாக உடைந்தது. 1960-களில் அந்தப் பள்ளத்தாக்கில் பவ் பீச் நீர்த்தேக்கம் கட்ட முடிவானபோது, அங்கிருந்த பண்ணை வீடுகளின் கதை முடிந்துவிடும் என்ற நிலை. அதே நேரத்தில் சஸெக்ஸில் ராய் ஆம்ஸ்ட்ராங் என்ற வரலாற்றாசிரியர் வேறொரு மனக்குறையோடு இருந்தார். போருக்குப் பின் க்ராலி புதுநகரம் எழுந்தபோது நல்ல நிலையிலிருந்த இடைக்கால மரவீடுகள் கண்ணெதிரே இடிபட்டதைப் பார்த்தவர் அவர். நின்ற இடத்தில் காப்பாற்ற முடியாத வீடுகளையாவது கழற்றிக்கொண்டு வந்து நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று 1967-இல் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தார். சிசெஸ்டருக்கு அருகே சிங்கிள்டனில் 1970-இல் அது மக்களுக்குத் திறந்தது. பேலீஃபை அதன் உரிமையாளரான கிழக்கு சர்ரே தண்ணீர் நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தது.

ஒரு கல் வீட்டை இப்படித் தூக்கி வருவது பெரும்பாடு. இதுவோ, கழற்றி வண்டியில் ஏற்றி வந்து நிறுத்தவே செய்த வீடு. மர ஆணிகளைத் தட்டி எடுத்தால் கழுந்துகள் கழன்று வரும். 15-ஆம் நூற்றாண்டுத் தச்சர் கொத்திய எண்கள் இன்னும் மரத்தில் இருக்கின்றன. இதற்கு முன்னோடிகளும் உண்டு. வீட்டு உரிமையாளர் நதானியல் லாய்டுக்காகக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெனன்டன் ஊரிலிருந்த பாழடைந்த உழவர் வீடொன்றைக் கழற்றி வந்து நார்தியமில் கிரேட் டிக்ஸ்டர் மாளிகையோடு சேர்த்துக் கட்டினார். எண் போட்ட மரம் ஊர் மாறுவதற்குக் கூசாது. பேலீஃபோடு அதே பள்ளத்தாக்கிலிருந்து வந்த விங்க்ஹர்ஸ்ட் என்ற சிறு கட்டடம் அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருமுறை எழுந்தது. முதலில் வீடு என்று நினைத்து நிறுத்தினார்கள். பிறகு ஆராய்ந்தபோது அது பெரிய வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற சமையல்கட்டாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. மறுபடி கழற்றி, சமையல்கட்டாகவே வேறிடத்தில் நிறுத்தினார்கள். இன்று அதில் விறகு எரிகிறது.

பேலீஃபை நிறுத்தியபோதுதான் சங்கடமான கேள்வி வந்தது. எந்த ஆண்டின் பேலீஃப்? வீட்டின் வயது 500 ஆண்டுக்கு மேல். ஒவ்வொரு நூற்றாண்டும் எதையோ சேர்த்திருந்தது. அருங்காட்சியகம் பிற்கால மாற்றங்களைத் தவிர்த்துத் திறந்த கூடத்தை மீட்டது. பிறகு 1989-இல், இறந்தவர்களின் வீட்டுச் சொத்துப் பட்டியல்களை ஆதாரமாகக் கொண்டு, 1540-ஐ ஒட்டிய கோலத்தில் மேசை, பெட்டி, கட்டில், பாத்திரம் எல்லாம் புதிதாகச் செய்து வைத்தது. பக்கத்தில் கௌஃபோல்டிலிருந்து வந்த 1536-ஆம் ஆண்டுக் களஞ்சியம். சுற்றிலும் தோட்டமும் பழமரங்களும்.

வில்லியம் மாரிஸ் இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். பழைய கட்டடத்தின் ஒரு காலத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலங்களைச் சுரண்டி எறிவது அழிவேலை என்பதற்காகவே 1877-இல் ஒரு சங்கம் தொடங்கியவர் அவர். அந்த எண்ணம் பரவிய காலத்தில்தான், 1896-இல், ஆல்ஃப்ரிஸ்டனில் சிதைந்து கிடந்த ஒரு வீல்டன் வீட்டை நேஷனல் டிரஸ்ட் 10 பவுனுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். மாரிஸின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அருங்காட்சியகத்தின் பக்கம். புகைபோக்கி செருகி, தளம் போட்ட வீல்டன் வீடுகள் கென்டில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படும். தரையில் நெருப்பு எரிய, கூரை முகடுவரை திறந்து நிற்கும் ஓர் உழவர் கூடத்தை வேறெங்கே போய்ப் பார்ப்பது? ஒன்றுதான் உறுத்தல். கூடத்துக்குத் தளம் போட்டு, செங்கல் அடுப்பங்கரையில் சமைத்து, மாடியறையில் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் நூற்ற பிற்காலத்து வீட்டுக்காரிக்கு அந்த பேலீஃபில் இப்போது இடமில்லை. அவள் கேட்டு வாங்கிய செங்கல் எங்கிருந்து வந்தது, அவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் புகைபோக்கி கட்டப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)